‘அது உன்பாடு’ என்று அனுப்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வுகள் முடிந்து மே மாதம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளியும் வாலிபர் முகாமும் களைகட்டிவிடும். முகாமின் கடைசி இரவில் விளக்கைக் குறைத்து, கீபோர்டை மெல்ல வாசித்து, “அர்ப்பணிக்கிறவர்கள் முன்னால் வாருங்கள்” என்று அழைப்பார்கள். பிள்ளைகள் அழுவார்கள், தீர்மான அட்டையில் கையெழுத்தும் போடுவார்கள். பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரத்தில் பழைய தவறு திரும்ப வந்து நிற்கும். அப்போது என்ன செய்வது, யாரிடம் போவது என்று அந்த முகாமில் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விழுந்த பிள்ளை அதை வாயால் சொல்லாது. திருவிருந்து ஞாயிறன்று மட்டும் வயிற்றுவலி வரும். பாடகர் குழுவுக்கு டியூஷன் குறுக்கே வரும். நாமோ ‘பின்மாற்றம்’, அதாவது விசுவாசத்தை விட்டு விலகிவிட்டது என்று முத்திரை குத்திவிடுகிறோம். பெரும்பாலும் அது வெட்கம்தான். “தப்பு பண்ணினா இயேசப்பா அடிப்பார்” என்று ஐந்து வயதில் சோறூட்டும்போது சொன்னது பதினைந்து வயதிலும் வேலை செய்கிறது.

மன்னிப்பைப் பற்றிப் பேச எல்லோரும் கெட்ட குமாரன் உவமையைத்தான் எடுப்பார்கள். பதின்ம வயதினருக்கு அதைவிடப் பொருத்தமான பாடம், ஒரே இரவில் விழுந்த இரண்டு சீஷர்கள்: இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு. யூதாஸ் மனஸ்தாபப்பட்டான். வாங்கிய 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். “குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்” என்று தன் செயலைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டான். அன்றிரவு பேதுரு அழுததோடு சரி, யாரிடமும் எதையும் சொன்னதாக வேதத்தில் இல்லை. ஆனால் யூதாஸ் அறிக்கையிட்டது பிரதான ஆசாரியரிடம். அவர்கள் கொடுத்த பதில்: “எங்களுக்கென்ன, அது உன்பாடு.” இதை வகுப்பில் நடத்துகிறவர்கள் யூதாஸ் உயிரை மாய்த்துக்கொண்டதை விவரிக்கவே வேண்டாம், அதே நினைவோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை அங்கேயே இருக்கலாம். ஆசாரியர்களின் பதிலில் நின்று, “இயேசுவிடம் போயிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?” என்று கேட்டு விடுங்கள்.

பதில் யோவான் 21-இல் இருக்கிறது. பேதுரு மறுதலித்தது பிரதான ஆசாரியனின் முற்றத்தில், கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்தபடி (யோவான் 18:18). உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இயேசு மீன் சுட்டு வைத்திருப்பதும் கரிநெருப்பின்மேல்தான். புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தக் கிரேக்கச் சொல் வருவது இந்த இரண்டு இடங்களில் மட்டுமே. அந்த வாசனையே பேதுருவுக்கு எல்லாவற்றையும் நினைவூட்டியிருக்கும். அங்கே இயேசு எதையும் விசாரிக்குமுன் “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்று அழைக்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேள்வி. ‘ஏன் அப்படிச் செய்தாய்’ என்று அவர் கேட்கவில்லை; “என்னை நேசிக்கிறாயா” என்று மூன்று முறை கேட்கிறார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்படுகிறான், வலிக்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. இந்த வரிசையை 40 நிமிட வகுப்பில் தாராளமாக நடத்தலாம். இரண்டு பகுதிகளையும் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லி, ஒரே மாதிரி இருப்பவற்றைப் பொறுக்கச் சொன்னால் போதும். கரிநெருப்பை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இனி, ஒரு பிள்ளை தனியே வந்து பேசும்போது. இடம், பிறர் கண்ணில் படக்கூடியதாகவும் காதில் விழாததாகவும் இருக்கட்டும். கோயில் வராந்தா போதும், கதவடைத்த அறை வேண்டாம். பெண் பிள்ளைகளிடம் பெண் ஆசிரியரே பேசட்டும். முதல் வார்த்தை “சொன்னது நல்லது, நான் கேட்கிறேன்” என்ற அளவில் நிற்கட்டும். “நீயா இப்படி?” என்ற ஒரு கேள்வியில் வாய் மூடிவிடும். “பரவாயில்லை, விடு” என்பதும் உதவாது. பரவாயில்லாத காரியத்துக்கு மன்னிப்பு எதற்கு? செய்தது தப்பு என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும். உடனே கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்குவதும் வேண்டாம். சங்கடமான பேச்சை முடித்துக்கொள்ள நாம் ஜெபத்தைப் பயன்படுத்துவது உண்டு, பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரிகிறது.

பிறகு, செய்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். “நான் ரொம்ப மோசம்” என்பது அறிக்கை ஆகாது. “அம்மா கைப்பையிலிருந்து 500 ரூபாய் எடுத்தேன்” என்பதுதான் அறிக்கை. அதன்பின் 1 யோவான் 1:9-ஐ அந்தப் பிள்ளையே சத்தமாக வாசிக்கட்டும். பாவங்களை மன்னிக்க அவர் “உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்” என்றிருக்கிறது. இரக்கம் என்ற சொல்லே அந்த வசனத்தில் இல்லை. சிலுவையில் கடன் தீர்ந்துவிட்டதால் மன்னிப்பது அவருடைய நீதிக்கே உட்பட்டது, அன்றைய மனநிலையைப் பொறுத்தது அல்ல. ஒரே பாவத்துக்காக இரவுதோறும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு சொற்கள்தான் மருந்து. மனம் லேசாகவில்லை என்றால் மன்னிப்புக் கிடைக்கவில்லை என்று அது நினைக்கிறது. மனம் லேசாக நாளாகும் என்று சொல்லிவிடுங்கள். அதே பாவத்தை அறிக்கையிடத் தோன்றும்போதெல்லாம் அதற்குப் பதிலாக நன்றி சொல்லப் பழகட்டும்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது தனி வேலை. எண்ணாகமம் 5:7 முதலில் அறிக்கை, பிறகு முதலும் அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கும் என்கிறது. 500 எடுத்தால் 600. இன்று அது நமக்குச் சட்டமாக இல்லாவிட்டாலும், வாரம் நூறாக ஆறு வாரம் தன் கைச்செலவுக் காசிலிருந்து கொடுப்பது பிள்ளையை நிமிர வைக்கும். அப்பா இடையில் புகுந்து மொத்தமாகக் கட்டிவிடக் கூடாது. அதே சமயம் இது மன்னிப்பின் விலை அல்ல என்பதைச் சொல்லாமல் விட்டால், பிள்ளை ஆறாவது வாரம் வரை கடவுள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். தாவீது ராஜாவிடம் “கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்” என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன பிறகும் விளைவுகள் தொடர்ந்தன. காப்பியடித்துப் பிடிபட்டவன் மன்னிக்கப்பட்டாலும் அந்த மதிப்பெண் திரும்ப வராது.

திரும்பத் திரும்ப விழும் பழக்கங்களில், முக்கியமாகக் கைபேசியில் பார்க்கத் தகாததைப் பார்ப்பதில், அழுகையைவிட ஏற்பாடு உதவும். இரவு பத்து மணிக்குமேல் வீட்டில் எல்லோருடைய போனும், பெற்றோருடையது உட்பட, ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். வாரம் ஒருநாள் நம்பிக்கையான ஒரு பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். தினமும் கேட்டால் பொய் பழகிவிடும். மறுபடி விழுந்தால் ஒரு நாளுக்குள் வந்து சொல்வது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். எத்தனை தரம் மன்னிப்பது என்ற கேள்விக்கு இயேசு சொன்ன “ஏழெழுபதுதரமட்டும்” என்பதைப் பெருக்கி 490 என்று கணக்குச் சொல்லும் பையன் எல்லா வகுப்பிலும் உண்டு. மற்றவர்களை அத்தனை தரம் மன்னிக்கும்படி நம்மிடம் சொன்னவர், தாம் 491-இல் நிறுத்துவாரா என்று அவனிடமே கேளுங்கள்.

இரண்டு வசனங்கள் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் செய்கின்றன. ஒன்று, ஆவியானவருக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்பது (மத்தேயு 12:31). பிசாசு பிடித்தவனை இயேசு சொஸ்தமாக்கியதைக் கண்ணால் கண்டும் பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று சாதித்தவர்களிடம் சொன்னது அது. அந்தப் பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று பயந்து கலங்குகிறவன் அவர்களைப் போன்றவன் அல்ல. மற்றது, திருவிருந்தில் அபாத்திரமாய், அதாவது தகுதியற்ற விதமாய்ப் புசிப்பது (1 கொரிந்தியர் 11:27). அங்கே கண்டிக்கப்படுவது, வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட்டு ஏழைகளைப் பசியோடு விட்டது. அடுத்த வசனமும் ‘சோதித்தறிந்து விலகி நில்’ என்று சொல்லவில்லை. சோதித்தறிந்து “புசித்து” என்றே சொல்கிறது. திருவிருந்தில் சேர்க்கும்முன் நடத்தும் திடப்படுத்தல் வகுப்பில் இதை ஒருமுறை தெளிவாகச் சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலிகள் பாதி தீரும்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் என்ற வழி கையிலேயே இருக்கிறது. அங்கே சொன்னதைக் குருவானவர் யாரிடமும் சொல்ல முடியாது என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டும். நம் சீர்திருத்தச் சபைகளில் அப்படி ஓர் இரகசியக் கட்டுப்பாடு இல்லை. இரகசியம் என்று சொன்னது மறுவாரமே ‘ஜெபக்குறிப்பு’ ஆகி வாட்ஸ்அப் குழுவில் வலம்வருகிறது. பெயர் போடாவிட்டாலும் சபையில் ஊகிக்கத் தெரியாதவர் யார்? அந்தத் தவறையே மேடையில் சாட்சியாகச் சொல்ல வைப்பது இன்னும் கொடுமை.

ஆனால் எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை சொல்வது தான் செய்த பாவமாக இல்லாமல், ஒரு பெரியவர் தனக்குச் செய்த கொடுமையாக இருக்கலாம். பல பிள்ளைகள் அதையும் தன் பாவம் என்றே சொல்லத் தொடங்கும். அங்கே மன்னிப்பைப் பற்றிய வசனம் ஒன்றுகூட எடுக்காதீர்கள். “இது உன் தப்பு இல்லை” என்று சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. சபைக் கமிட்டியில் பேசி முடிப்பது குற்றம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தாலும் அப்படியே: பிள்ளையைத் தனியே விடாமல் வீட்டாரை வரவழைத்து, மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். உபவாச ஜெபம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இந்த மே மாத முகாம்களை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தீர்மான அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அதில் 1 யோவான் 1:9-ஐயும், ‘விழுந்துவிட்டால் பேசலாம்’ என்று சபையே பொறுப்புக்கொடுத்த ஓர் ஆண், ஒரு பெண் ஆகிய இருவர் பெயரையும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும், மனநல உதவிக்கான 14416-ஐயும் அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், வாலிபர் ஆலோசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.