எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்

அன்புள்ள சமூக மன்ற நற்பணிக் குழுவினருக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பார்க்க 'தாரே ஜமீன் பர்' போட்டீர்கள். 2007இல் ஆமிர் கான் இயக்கி நடித்த இந்திப் படம். நல்ல தேர்வு. நாற்காலி போதாமல் பின்னால் நின்று பார்த்தவர்களும் உண்டு. நன்றி.

அப்புறம் நடந்ததைப் பற்றித்தான் இந்த மடல். படம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்து, படத்திலிருந்து கற்ற வாழ்க்கைப் பாடங்களை எழுதச் சொன்னீர்கள். பரிசு யாருக்கு? பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் எழுதியவர்களுக்கு. எழுத்துகள் ஆடுகின்றன என்று சொல்லி வகுப்பில் திட்டு வாங்கும் பையனின் கதையைப் பார்த்துவிட்டு! நடுவர்களில் ஒருவருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லையா?

சுவரில் ஒட்டியிருந்த தாள்களையும் படித்தேன். பாதிக்கு மேல் 'விடாமுயற்சி வெற்றி தரும்'. சரி, போகட்டும். 'பெற்றோர் சொல் கேட்க வேண்டும்' என்று சிலர் எழுதியிருந்தார்களே, அது எந்தப் படத்தில் வந்தது? படத்தில் வரும் அந்தப் பையன் இஷான் சொல்பேச்சுக் கேட்காமல் கஷ்டப்படவில்லை. அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் திணறவைக்கும் கற்றல் குறைபாடு, இருப்பது வீட்டிலும் தெரியவில்லை, பள்ளியிலும் தெரியவில்லை. சோம்பேறி, அடங்காதவன் என்று முடிவுகட்டி விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கணக்குத் தேர்வில் மூன்றை ஒன்பதால் பெருக்க வேண்டும். அவன் மூன்றாம் கோளான பூமியை இழுத்துக்கொண்டு போய் ஒன்பதாவதாக அவன் எண்ணும் புளூட்டோவில் மோதவிடுகிறான். புளூட்டோ சிதறிவிடுகிறது. மிஞ்சியது பூமி, ஆகவே விடை மூன்று. அரங்கமே சிரித்தது. தாளைத் திருத்துகிறவருக்கு இந்த விண்வெளிப் பயணம் எதுவும் தெரியாது. ஒரு தப்பான எண்தான் தெரியும்.

இன்னொரு காட்சி. ஓவிய ஆசிரியர் நிகும்ப், இஷானின் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒரு பெட்டியை நீட்டி, மேலே இருப்பதைப் படியுங்கள் என்பார். அப்பாவுக்குத் தெரியாத எழுத்து. கவனமில்லை, திமிர் என்று ஆசிரியர் அவரையே விரட்டுவார். மும்பை அப்பாவுக்கு அது ஒருநாள் சங்கடம். நாமோ சிங்கப்பூரில் காப்பிக்கடையிலிருந்து மருந்துக்கடை வரை சீன எழுத்துகளுக்கு நடுவில் வாழ்கிறவர்கள். ஒரு கடைப் பலகையைக் காட்டி உடனே படி என்று நம்மை நிறுத்தி, தப்பினால் பிரம்பெடுத்தால் எப்படி இருக்கும்? படம் பெற்றோருக்குத்தான் பாடம் எடுக்கிறது. தாளை மட்டும் நீங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டீர்கள்.

அடுத்த முறை எங்களிடம் கொடுங்கள். ஒரே கேள்வி போதும்: போன வாரம் பிள்ளையைச் சோம்பேறி என்று எத்தனை முறை சொன்னீர்கள்? பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

டிஸ்லெக்சியா பற்றிய துண்டுப் பிரசுரங்களோடு வாசலில் ஒரு மேசையும் போடலாம். சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் 1991 முதல் இயங்குகிறது. தொடக்கநிலை மூன்று, நான்கில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே வாசிப்பு வகுப்பு உண்டு. இதெல்லாம் இருந்தும், பிள்ளை திணறினால் நமக்கு முதலில் தோன்றுவது இன்னொரு துணைப்பாட வகுப்பு. பரிசோதிக்கலாம் என்று ஆசிரியரே சொன்னாலும், 'நம்ம குடும்பத்துல அப்படி யாரும் இல்ல' என்று பேச்சை முடித்துவிடுவோம். மேசையில் நாலு துண்டுப் பிரசுரம் இருந்தால், யாரிடமும் கேட்காமல் ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போகலாம்.

கடைசியில் இஷான் ஓவியப் போட்டியில் ஜெயிப்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஓவியமும் வராத, எதிலும் முதல் பரிசு வாங்காத பிள்ளைகள் நம் வட்டாரத்தில் எத்தனையோ பேர். பரிசைவிட அவன் வரைந்த அந்தச் சின்ன நோட்டுப் புத்தகம் பெரிது. வேகமாகப் புரட்டினால், குடும்பத்திலிருந்து ஒரு குட்டி உருவம் பக்கத்துக்குப் பக்கம் தள்ளிப் போகும். ஒரு சொல்கூட எழுதவில்லை. அவன் அம்மாவுக்குப் புரிந்துவிடுகிறது. ஆகவே எழுத விரும்பாத பிள்ளை வரையட்டும், வாயால் சொல்லட்டும். அதையும் பரிசுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். வசன வரிகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால் தாத்தா பாட்டிகள் பாதியில் எழுந்து போனார்கள். தமிழில் கிடைக்கிறதா என்று பாருங்கள். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை வேலை நாளில் இரவு ஏழரைக்குத் தொடங்கினால் அப்பாக்கள் கடைசிவரை உட்கார மாட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் வையுங்கள். மேசை போடவும் நாற்காலி அடுக்கவும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்தில் குடியிருக்கும் ஒரு தகப்பன்