எங்கள் பிள்ளைகளின் பிரெஞ்சு வகுப்புக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, பெற்றோர்களே, பெரியோர்களே,

இக்கல்வியாண்டு நிறைவடையும் வேளையில், புதுச்சேரியில் உள்ள எங்கள் கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளியின் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு கற்பிக்கும் பணியில் எனக்குத் தோள்கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் உளமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். பாடத்தை நடத்தியவள் நான் என்றாலும், பிள்ளைகளின் காதுக்கு வேண்டிய குரல்களைத் தந்தவர்கள் நீங்கள்தான்.

முதல் நன்றி தலைமையாசிரியையான அருட்சகோதரிக்கு உரியது. முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பாடப்புத்தகமே வேண்டாம், பிள்ளைகள் கேட்டும் பேசியும் பழகட்டும், எழுத்து மூன்றாம் வகுப்பில் வரட்டும் என்று நான் வேண்டியபோது, வீட்டுப்பாட நோட்டு இல்லாத ஒரு பாடத்தைப் பெற்றோர்களிடம் எப்படி விளக்குவது என்ற கவலை இருந்தும் அவர்கள் இசைந்தார்கள். அந்த முடிவின் அருமை வகுப்பறையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகிவிட்ட பிள்ளை, பிரெஞ்சு எண்களை முதன்முதலில் தாளில் பார்த்தால், ஒலிக்காத கடைசி எழுத்தையும் சேர்த்து 'ட்ராய்ஸ்' என்று படித்துவிடும்; 'த்ருவா' என்று பலமுறை கேட்டுச் சொல்லிப் பழகியபின் அதே எழுத்தைப் பார்க்கும் பிள்ளை தடுமாறுவதில்லை.

அடுத்து, பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவருக்கு, எங்கள் பிள்ளைகள் 'சொல்தா தாத்தா' ('சொல்தா' என்றால் பிரெஞ்சில் படைவீரர்) என்று உரிமையோடு அழைக்கும் அவருக்கு, எந்த வார்த்தையால் நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வந்து, சிறு நாற்காலியில் பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்தார். தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப இரு ஒலிகளைத் தருவதால், பிரெஞ்சில் மீனும் (poisson) பானமும் (boisson) பிள்ளைகளின் வாயில் ஒரே சொல்லாகவே வந்துகொண்டிருந்தன. அவர் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் விரலைத் தொண்டையில் வைக்கச் சொல்லி, "உதட்டைத் திறப்பதற்கு முன்பே தொண்டை அதிர்ந்தால் அது பானம், அதிராவிட்டால் மீன்" என்றார். அவள் சொல்லிப் பார்த்தாள். பிறகு வகுப்பு முழுவதும் கழுத்தில் கை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தது. பயிற்சி நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அவர் ஒரே நொடியில் உணர வைத்தார்.

கப்ஸ் கோயில் என்று நாம் அழைக்கும், துய்மா வீதியில் உள்ள தூய தேவதைகளின் அன்னை ஆலயத்தில் நடைபெறும் பிரெஞ்சுத் திருப்பலிக்குத் தங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்ற பெற்றோர்களுக்கும் நன்றி. 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்ற செபத்தின் பொருளைத் தமிழில் முன்பே அறிந்த பிள்ளைக்கு, பிரெஞ்சில் அதைச் சொல்லும்போது ஒலியில் மட்டும் கவனம் வைத்தால் போதும். மொழி கற்க இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. செபங்களைப் பாடமாக வைக்காமல், எண்கள், நிறங்கள், கடற்கரைச் சாலையின் காட்சிகள் ஆகியவற்றைக் கொண்டே தங்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்ததை ஏற்று, முழு ஒத்துழைப்பு நல்கிய பிற சமயப் பெற்றோர்களையும் நன்றியுடன் நினைக்கிறேன்.

புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் எங்களிடமும் படிக்கிறார்கள். இவர்களில் பலருக்கு இன்று வீட்டில் அந்த மொழி புழங்குவதில்லை. ஆயாமார்கள் சிலர் என் வேண்டுகோளை ஏற்று, தினமும் உணவு வேளையில் பேரப்பிள்ளைகளுடன் பிரெஞ்சில் பேசினார்கள். ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாரிசில் வாழும் தன் பெரியம்மாவிடம் கைபேசியில் தமிழ் கலக்காமல் பேசினான் என்று அவனுடைய தாயார் வந்து சொன்னபோது, அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு கொடுத்தார்.

அருட்தந்தையர் மூசே, துய்ப்புய் ஆகியோர் தொகுத்து, 1855இலும் 1862இலும் இரு பாகங்களாகப் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் வெளிவந்த தமிழ்–பிரெஞ்சு அகராதியின் மறுபதிப்பை எங்கள் நூலகத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வழங்கினார். பெண்கள் கல்விக்காக 1844இல் இவ்வூரிலேயே அருட்சகோதரிகள் சபை ஒன்றை நிறுவியவரும் அதே துய்ப்புய்தான். இந்நூல் சிறுவர்களுக்கானது அன்று. ஆயினும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை அதில் ஆவலோடு தேடுகிறார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வெள்ளிக்கிழமை வகுப்பைத் தொடரப் பெரியவர் இசைந்துள்ளார். பிரெஞ்சு பேசத் தெரிந்த வேறு பெரியோர்களும் மற்ற நாட்களில் சிறிது நேரம் வந்து பிள்ளைகளுடன் பேச முடிந்தால், பள்ளி அலுவலகத்தில் பெயரைத் தெரிவிக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

என்றும் நன்றியுடன்,
பிரெஞ்சு ஆசிரியை