குளியலறைப் பலகை பற்றி, பிள்ளைக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் மெசேஜ் கிடைத்தது. பெப்ரவரிக்குப் பிறகு வந்த முதல் செய்தி. "அப்பா, குளியலறை நிலத்துக்கு டைல் போடப் போறன், அடியில என்ன பலகை போடுறது?" ஒரே ஒரு வரி. அம்மா அதை நாலு தரம் வாசித்தா. "போடப் போறன் என்றுதானே எழுதியிருக்கிறாள், போடப் போறம் என்று இல்லையே" என்றா. பிள்ளை பலகையைத்தான் கேட்டிருக்கிறாள், நான் பலகையைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஊரில் என்றால் கொங்கிறீட் நிலம். சாந்து போட்டு டைலைப் பதித்தால் அசையாது. உன் ஒட்டாவா வீடு மரத்தில் நிற்கிறது. மரம் கோடையில் ஈரம் குடித்து ஊதும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க சூடாக்கக் காய்ந்து சுருங்கும். டைல் அப்படி ஊதிச் சுருங்காது. அதனால்தான் மரத்தில் நேரே டைல் ஒட்டக் கூடாது.

கால் அங்குலச் சீமெந்துப் பலகை போதும். 3 அடிக்கு 5 அடி அளவில் வரும். அரை அங்குலம் போட்டால் நிலம் பலமாகும் என்று கடையில் சொல்வார்கள், நம்பாதே. பலம் ஜொயிஸ்டிலும் (நிலத்தைத் தாங்குகிற மரச்சட்டம்) அதன்மேல் அடித்த பிளைவூட்டிலும்தான் இருக்கிறது. தடித்த பலகை போட்டால் கதவடியில் படி மாதிரி உயரும், கொமோட் குழாயின் வாயும் பள்ளத்தில் போய்விடும். முதலில் ஒரு கிளாஸ் தண்ணீரை நிலத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நடந்து பார். தண்ணீர் ஆடினால் பலகை வாங்கப் போகாதே, கீழே ஜொயிஸ்டைப் பார். இடைவெளி 16 அங்குலமா என்று அள. பழைய வீடென்றால் பிளைவூட்டுக்குப் பதிலாக ஒடுங்கிய பலகைகளை அடுக்கி அடித்திருப்பார்கள். அப்படியென்றால் அதன்மேல் முதலில் பிளைவூட் வரவேண்டும்.

இன்னொன்று. பழைய நிலத்தைக் கிளப்பும்போது 9 அங்குலச் சதுரத் துண்டுகள் கண்ணில் பட்டால் கையை எடு. சுரண்டாதே, தேய்க்காதே. அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பரிசோதிக்கக் கொடுத்த பிறகுதான் மற்ற வேலை.

நீ வீடு வாங்கியதைக் கோயிலில் வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. தெரிந்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். சரி, அதை விடு.

பலகைக்கு அடியில் தின்செட், அதுதான் டைல் ஒட்டுகிற சீமெந்துக் கலவை, பூசு. ஸ்குரூ போடுகிறோம்தானே என்று விடாதே. பல்லுக்கரண்டியால் பூசி, ஈரம் காய முதல் பலகையை வைத்து, 8 அங்குலத்துக்கு ஒரு ஸ்குரூ. சீமெந்துப் பலகைக்கென்று விற்கிற ஸ்குரூவையே வாங்கு, சுவர்ப்பலகைக்கு அடிக்கிற டிரைவோல் ஸ்குரூ தலை முறியும். இரண்டு பலகைக்கு நடுவே அரைக்கால் அங்குலம் விடு. அந்த இடைவெளியைத் தின்செட்டால் நிரப்பி வலை டேப் ஒட்டு. கீழே பிளைவூட் பொருந்துகிற இடத்துக்கு நேர்மேலே பலகையின் பொருத்து வரவே கூடாது. சீமெந்துப் பலகை தண்ணீரில் ஊதாது, ஆனால் தண்ணீரைத் தடுக்கவும் மாட்டாது. அதற்கு மேலே தனியாகப் பூச்சு வேண்டும்.

பலகையை மாடிப்படியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். மூலை இடித்தால் உடைந்துவிடும். பிடிக்க ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் டிட்ரா என்று செம்மஞ்சள் நிறத்தில் ஒரு விரிப்பு இருக்கிறது. அரைக்கால் அங்குலத் தடிப்புத்தான், சுருட்டித் தருவார்கள், ஒரு ஆளே தூக்கலாம். விலை கூட. ஆனால் ஒரு ஆளே தூக்கலாம்.

திரும்பவும் சொல்கிறேன், பலகைக்கு அடியில் தின்செட் பூசு.

ஏன் என்று உனக்குத் தெரியவேண்டும். ஸ்காபரோ வீட்டில், 1999இல், உன் சாமத்தியவீட்டுக்கு ஆட்கள் வர முதல் முடிக்கவேண்டும் என்று இரண்டு இரவில் அந்தக் குளியலறையைப் போட்டேன். அடியில் பூசவில்லை. ஸ்குரூ மட்டும் அடித்தேன். அடுத்த குளிர்காலம் கதவிலிருந்து கொமோட் வரை டைல் வெடித்தது. நீ வாளியைப் போட்டு உடைத்தாய் என்றேன். நீ இல்லையென்று அழுதாய். பொய் சொல்லுகிறாய் என்று அடித்தேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

வாளி விழுந்தால் ஒரு டைல், விழுந்த இடத்தில் உடையும். நாலு டைலை நேர்கோட்டில் அறுத்துக்கொண்டு போகாது. டைல் போட்டே சீவித்தவன் நான், அன்றைக்கே எனக்கு அது தெரியும். 2008இல் வீட்டை விற்க முதல் கிளப்பிப் பார்த்தேன். வெடிப்பு, பலகைப் பொருத்து, பிளைவூட் பொருத்து, மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. ஒருவருக்கும் காட்டாமல் அள்ளிக் குப்பையில் போட்டேன். உனக்கு அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. நீ எனக்கு ஒன்றும் சொல்வதில்லை என்று நான் அம்மாவிடம் குறைப்படுவது எந்த முறையில் என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன். விடிய அம்மாவிடம் சொன்னேன். அவ ஒன்றும் பேசவில்லை. உன் மெசேஜை இன்னொரு தரம் எடுத்து வாசித்தா.

ஜொயிஸ்ட் இடைவெளியை அளந்து படம் எடுத்து அனுப்பு. நீர்மட்டமும் பல்லுக்கரண்டியும் என் வான் வண்டியில்தான் கிடக்கின்றன. நாலரை, ஐந்து மணித்தியால ஓட்டம். வா என்றால் வருகிறேன். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்கமாட்டேன். பலகையின் மற்றப் பக்கத்தைப் பிடிப்பேன்.

அப்பா