கியூ.ஆர். சதுரத்துக்குள் ஒரு போஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கீறல் விழுந்த கியூ.ஆர். அட்டையையும் கைபேசி பிழையின்றிப் படித்துவிடுவது எப்படி என்று தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரை எளிமையாக இருந்தது. ஆனால், அந்தக் கணிதம் முழுவதையும் தகவல்தொடர்புப் பொறியாளர்களின் கொடை என்று எழுதியிருப்பது சரியன்று. அச்சதுரத்தை எப்படிப் படிப்பது என்ற அமைப்பு விவரத்தைத் தாங்கும் 15 பிட்டுகளில் (0 அல்லது 1 என்ற இலக்கங்களில்) மூன்று வரை சிதைந்தாலும் மீட்டுத் தருவது பி.சி.எச். என்னும் பிழைதிருத்தும் குறியீடு. அதன் முதலெழுத்தான ‘பி’க்கு உரியவர் இந்தியக் கணிதவியலர் ராஜ் சந்திர போஸ். (போஸ் என்றதும் வேறு மூவர் நம் நினைவுக்கு வந்துவிடுவது இவருடைய போதாத காலம்.)

1901இல் ஹோஷங்காபாத்தில் பிறந்து ரோத்தக்கில் வளர்ந்த போஸ், 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலில் தாயையும் அதன்பின் விரைவிலேயே தந்தையையும் இழந்தவர். கல்கத்தாவில் அவர் பயின்றதும் ஆய்ந்ததும் வடிவியல். புள்ளியியலே அறியாத அவரை 1932இல் புள்ளியியலர் மகலனோபிஸ் தம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு அழைத்த பிறகுதான், எந்தப் பயிர் ரகத்தை எந்தப் பாத்தியில் விதைத்தால் மண்வளத்தின் ஏற்றத்தாழ்வு விளைச்சல் ஒப்பீட்டைக் கெடுக்காது என்ற கேள்வி அவர்முன் வந்தது. பார்வைக்கு வேளாண்மைக் கேள்வி. உள்ளே முழுக்க முழுக்க, பொருள்களை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று ஆராயும் சேர்மானக் கணிதம். நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிக் கல்கத்தாவுக்கு வந்த கணிதவியலர் லெவியின் வழியாக அறிந்த முடிவுறு களங்களை (குறிப்பிட்ட எண்ணிக்கையிலான உறுப்புகளுக்குள்ளேயே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நடக்கும் எண் அமைப்புகளை) கொண்டு போஸ் அதற்கு விடை கண்டார். துறைத் தலைமைக்கு முனைவர் பட்டம் வேண்டும் என்ற நிலை வந்தபோது, ஏற்கெனவே அச்சேறிய ஆய்வுகளையே அளித்து 1947இல் டி.லிட். பெற்றார்.

1949இல் அமெரிக்காவின் சேப்பல் ஹில்லுக்குச் சென்றபோதும் கருவி மாறவில்லை. ஆறு படைப்பிரிவுகளின் ஆறு பதவிநிலைகளைச் சேர்ந்த 36 அதிகாரிகளை, வரிசைக்கும் நிரலுக்கும் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர், ஒவ்வொரு பதவியிலும் ஒருவர் என வருமாறு சதுரமாக நிறுத்த முடியாது என்றும், 10, 14, 18 என்று தொடரும் அளவுகளுக்கும் அவ்வாறே என்றும் 1782இல் கணிதமேதை ஆய்லர் கருதினார். ஆறுக்கு அவர் சொன்னது சரி. மற்றவற்றுக்குத் தவறு என்று போஸ், ஸ்ரீகண்டே, பார்க்கர் மூவரும் 1959இல் நிறுவியது நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் இடம்பெற்றது. தம் மாணவர் ராய் சவுத்ரியோடு போஸ் அதே முடிவுறு களங்களைக் கொண்டு அந்தப் பிழைதிருத்தும் குறியீட்டை வெளியிட்டது அதற்கு மறு ஆண்டில். பிரான்சின் ஹாக்கெங்கெம் அதே குறியீட்டைத் தனியாகக் கண்டிருந்ததால் மூன்றாம் எழுத்து அவருக்குரியதாயிற்று.

ஆகவே அக்கட்டுரை மறுபடி வெளியாகுமானால், பொறியாளர்களுக்கு முன்பாக அந்தப் பயிர்ப் பாத்திகளையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்