கோளாறு ஒயரில்தான் இருந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு டயல்-அப் சேவையை, அதாவது போன் லைன் வழியாக டயல் செய்து நெட் போடும் சேவையை, நிறுத்தியதை ஒட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அந்தக் கால ஆமை வேகத்துக்குப் பழைய கம்ப்யூட்டர்தான் காரணம் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடு. விண்டோஸ் 98, 32 எம்.பி. ராம். கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடத்தின் பெட்டியில் 56 கே, அதாவது விநாடிக்கு 56 கிலோபிட், என்று போட்டிருக்கும். திரையில் வருவதோ 26.4. கடைக்காரர் புதுக் கம்ப்யூட்டரே வாங்கச் சொன்னார். அதை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஒருநாள் வேறு வேலையாக வந்த லைன்மேன் அண்ணன் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை இரையுதேங்க, இதுல எப்படி நெட்டு ஓடும்?" என்றார். ஆசாரத்திலிருந்து உள்ளறைக்கு நானே இழுத்த ஒயர் அது. மூன்று இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருந்தேன். போதாததற்குக் கிணற்று மோட்டாருக்குப் போகும் கரண்ட் ஒயரை ஒட்டியே ஓடியது. த்ரீ ஃபேஸ் வந்து மோட்டார் போட்டதும் நெட் அறுந்துபோகும். அதையும் கம்ப்யூட்டர் கோளாறு என்றே நினைத்திருந்தேன். ஒட்டில்லாத ஒயரை வேறு பக்கமாக இழுத்து, அப்பத்தாவுக்காகச் சமையல்கட்டில் அதே லைனில் வைத்திருந்த பேரலல் போனையும் கழற்றினோம். அன்றைக்கே 44 காட்டியது. (அப்பத்தா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.)

கம்ப்யூட்டர் மேல் குறையே இல்லை என்று சொல்லவில்லை. கூடுதலாக 64 எம்.பி. ராம் போட்ட பிறகுதான் ஹார்ட் டிஸ்க் எந்நேரமும் கரகரப்பது நின்றது. மோடம் செட்டிங்கில், கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலான போர்ட் வேகத்தை 1,15,200-க்கு ஏற்றியதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நிஜமாகக் கைகொடுத்தது பிரவுசரில் படங்களை நிறுத்தி வைத்ததுதான். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்; 44 கே என்றால் விநாடிக்கு 5 கிலோபைட் சொச்சம், ஒரு எம்.பி. இறங்கவே மூன்று நிமிடத்துக்கு மேலாகும்.

அப்புறம், மோடம் போடும் கீச்சுச் சத்தத்தைக் கட்டுரையில் கேலி செய்திருக்கிறீர்கள். இரண்டு மோடமும் லைனைச் சோதித்து, எந்த வேகம் தாங்கும் என்று பேசி முடிப்பது அந்தச் சத்தத்தில்தான். வழக்கத்தைவிட நீண்டால் வேகம் குறைவாகத்தான் வரும் என்று பழகிப்போய், துண்டித்து மறுபடி டயல் செய்வேன். அதற்கும் பில்லில் ஒரு போன் கால் ஏறும். அப்பாவுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், காங்கேயம்