இருபது நிமிடம்

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலிதான் விட்டபாடில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு டூட்டி எப்படி என்று கேட்டிருந்தாய். அறுப்பு தொடங்கினால் எங்களுக்குப் பாம்புக்கடிக் காலம். போன மாதம் நடுராத்திரியில் ஒருவரை பைக்கில் நடுவே உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். கண்மாய்க்கரையில் கடித்ததாம். கால் வீங்கிக்கொண்டே போனது. காலை அசைக்காமல் படுக்க வைத்து, 2 மில்லி ரத்தம் எடுத்துப் புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்தேன். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல ரத்தம்கூட உறையாமல் ஏமாற்றிவிடும். உன் பிள்ளைகளுக்கு இதை மறக்காமல் சொல். சாய்த்தால் உறையாமல் தண்ணீராக ஓடியது. ரத்தத்தை உறையவிடாத விஷம், அதனால் விரியன்தான். டாக்டர் போனில் கிடைத்தார். அவர் சொன்னபடி விஷமுறிவு மருந்து 10 குப்பியைச் சலைனில் கலந்து ஏற்றினேன். ஒவ்வாமை வந்தால் போடுவதற்கு அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அப்புறம் 108 வந்து சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனது. பிழைத்துவிட்டார்.

அந்த போன் கிடைக்காமல் போயிருந்தால்? குழாயைச் சாய்த்துப் பார்த்த எனக்கே ஊசியைத் தொடங்கவும் பயிற்சியும் சட்டப்படி அனுமதியும் இருக்க வேண்டாமா? லொரெட்டா ஃபோர்டை நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் கிராமப்புறங்களில் பொது சுகாதார நர்ஸாக அலைந்தவர். டாக்டர் இல்லாத ஊர்களில் குழந்தைகள் படும் பாட்டைப் பார்த்துத்தான், 1965-இல் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை, அதாவது நோயைக் கண்டறிந்து சிகிச்சை தொடங்கவும் நர்ஸுக்குக் கற்றுத்தரும் படிப்பை, தொடங்கினார். அதற்கும் 40 வருடம் முன்பே கென்டக்கி மலைகளில் மேரி பிரெக்கின்ரிட்ஜின் நர்ஸுகள் குதிரையில் போய்ப் பிரசவம் பார்த்திருக்கிறார்கள். ஃபோர்டு 104 வயது வரை வாழ்ந்து 2025-இல்தான் காலமானார்.

நம் நாட்டிலும் இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு வந்திருக்கிறது. ஆனால் அது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கானது. ஐசியூவில் கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் உண்டு. இங்கேதான் ராத்திரி ஒரு நர்ஸ் மட்டும் இருக்கிறாள். எனக்கு இது மனசு ஆறவில்லை.

பாம்புக்கடி மட்டுமில்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சிமார் எத்தனை பேர்! உள்முற்றத்து வளவில் வழுக்கி விழுந்தால் அடுத்த வீட்டுக்குச் சத்தம் கேட்காது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தபிறகு பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே போகிறது, நல்ல விஷயம். நெஞ்சுவலி வந்த நேரத்துக்கு அது போதாதே.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் மாணவிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் பயிற்சிக்கு அனுப்பாதே. கொஞ்சம் பேரை எங்கள் மாதிரி நிலையத்துக்கு, அதுவும் ராத்திரி டூட்டிக்கு அனுப்பப் பார். சாப்பாடும் தங்குவதும் என் பொறுப்பு. உங்கள் முதல்வரிடம் பேசிவிட்டு எழுது.

அன்புடன்,
வள்ளி