பனியில் நின்றால் சளி பிடிக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில், 'பனியில் நின்றால் சளி பிடிக்கும் என்பது மூடநம்பிக்கை. சளி வைரஸால்தான் வருகிறது' என்று படித்தேன். பின்பாதி சரி. முன்பாதியை ஒரே வரியில் தள்ளிவிட்டது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊட்டி பக்கம் ஒரு எஸ்டேட் மருந்தகத்தில் 27 வருடம் நர்ஸாக இருந்தவள் நான்.

சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் ரைனோவைரஸ்தான் காரணம். உடம்புக்குள் சூடு 37 டிகிரி செல்சியஸ் என்றால், குளிர்காற்று போய்வரும் மூக்குக்குள் 33 போலத்தான் இருக்கும். அங்கேதான் இந்த வைரஸ் நன்றாகப் பெருகுகிறது. ஏன் என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2015இல் எலியின் சுவாசக்குழாய் செல்களை வைத்துப் பார்த்தார்கள். 37 டிகிரியில் செல்கள் வைரஸைக் கண்டதும் இன்டர்ஃபெரான் என்ற தற்காப்புப் புரதத்தை நன்றாகச் சுரந்தன. 33இல் அந்த எதிர்ப்பு மந்தமாகிவிட்டது.

இன்டர்ஃபெரானை 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். வைரஸ் புகுந்த செல் அக்கம்பக்கத்து செல்களுக்கு அனுப்பும் சேதி அது. சேதி கிடைத்த செல், வைரஸ் தன்னிடம் வரும் முன்பே அதன் மரபுப்பொருளான ஆர்என்ஏவை நறுக்கும் நொதிகளைத் தயாராக வைத்துக்கொள்ளும். எல்லாம் சில மணி நேரத்துக்குள். முன்பின் பார்க்காத வைரஸுக்கு ஆன்டிபாடி உருவாக ஒரு வாரம்கூட ஆகும். அதுவரை உடம்பைத் தாங்குவது பிறக்கும்போதே கூட வந்த இந்தக் காவல்தான். குளிரில் தளர்வதும் இதுதான்.

எலி செல்லில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது. வைரஸ் இல்லாமல் பனி மட்டும் சளியைக் கொண்டுவராது. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுப்பதும் பரவ ஒரு காரணம். அதற்காகப் பனிக்கும் சளிக்கும் சம்பந்தமே இல்லை என்பதா?

ஒரு ஜனவரி காலை நினைவுக்கு வருகிறது. புல் முழுக்க உறைபனி. இலை பறிக்க வந்த ஒரு அம்மா, இடுப்பில் கட்டிய சாக்கு நனைந்தபடி மருந்தக வாசலில் நின்று, "நேத்து பனியில நின்னேன் சிஸ்டர், பிடிச்சுக்கிச்சு" என்றார். அங்கிருந்த டாக்டர், "பனியா பிடிக்குது? கிருமிம்மா" என்று சிரித்துவிட்டார். அந்த அம்மா அப்புறம் வாயே திறக்கவில்லை. நானும் அன்று அவர் பக்கம் பேசவில்லை. எனக்கும் அன்றைக்கு இதெல்லாம் தெரியாது.

டிசம்பர் பனி இறங்குவதற்குள் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். மூக்கையும் சேர்த்து மஃப்ளரால் மூடிக்கொள்ளச் சொல்லும் இங்குள்ள பாட்டிகளின் பேச்சையும் அதோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நீலகிரி.